ஓரெய்லி எப்படித் தப்பினார்? மற்ற ஐரிஷ் கைதிகள் என்ன ஆனார்கள்?

வரலாற்று வாசகி கேட்கிறார்:

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறேன். இங்கிலாந்து தன் கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது என்பதை எங்கள் பாடம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேருடைய வாழ்நாள் புதைந்து கிடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, அவர் கதையை முழுதாகச் சொல்லலாம் என்று ஜான் பாயில் ஓரெய்லியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தவரை அவர் கதை இது. 1844இல் அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், ட்ராஹடாவுக்கு அருகே டவுத் என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே செய்தித்தாள் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஆங்கிலேய ராணுவத்தில் பத்தாவது ஹுசார் குதிரைப்படையில் சேர்ந்து, உள்ளிருந்தபடியே, ஆங்கிலேய ஆட்சியிலிருந்து அயர்லாந்தை விடுவிக்க ரகசியமாக இயங்கிய ஃபீனியன் இயக்கத்துக்கு ஆள் சேர்த்தார். 1866இல் பிடிபட்டார். கலகம் நடக்கப்போவது தெரிந்தும் மேலதிகாரியிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அது இருபது ஆண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இறக்கினார்கள். 1869 மார்ச்சில் அவர் அங்கே இல்லை!

என் மாணவர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: இருபது ஆண்டுத் தண்டனைக் கைதி, போய்ச் சேர்ந்த ஓராண்டு சொச்சத்தில் எப்படித் தப்பினார்? காவலே இல்லையா? நான் படித்த இடங்களில் எல்லாம் வீரர் ஒருவர் சிறையை உடைத்துப் புறப்பட்டது போலத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே வகுப்பில் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருடன் வந்த மற்றவர்களின் கதி என்ன என்பதும் எங்கும் தெளிவாக இல்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடல்வழி எழுதுகிறார்:

அம்மா, உங்கள் மனம் ஒப்பாதது மிகவும் சரி. ஓரெய்லி துணிச்சல்காரர், அதில் ஐயமில்லை. இங்கிலாந்துச் சிறைகளில் இருந்தபோதே தப்ப முயன்று பிடிபட்டவர். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் துணிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் எங்கும் போய்விட முடியாது. அவரைக் கரையேற்றியவர்கள் ஒரு பாதிரியார், ஒரு விவசாயி, ஒரு மாலுமி. இந்த மூவரையும் விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் காவலைப் பற்றி. அந்தக் குடியேற்றம் 1829இல் தொடங்கியது. கைகால் உழைப்புக்கு ஆள் கிடைக்காமல் தவித்த குடியேறிகளே கைதிகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். 1850 முதல் 1868 வரை ஏறத்தாழ 9,700 ஆண்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பெண் கைதி ஒருவர்கூட இல்லை. இவர்களைச் சுவருக்குள் அடைத்து வைக்கவா கொண்டுவந்தார்கள்? சாலை போடவும் பாலம் கட்டவும்தான். ஃப்ரீமேன்டிலில் பெரிய சிறை இருந்தது உண்மை, அதையும் கைதிகளே கட்டினார்கள். ஆனால் கைதிகளில் பெரும்பகுதி காட்டுக்குள் முகாமிட்டு மரம் வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் இல்லாத புதர்க்காடு, மறுபக்கம் இந்தியப் பெருங்கடல். ஓடினால் தாகத்தில் சாகலாம், அல்லது திரும்பி வந்து சரணடையலாம். பூட்டு அந்த நிலத்தில் இருந்தது.

ஓரெய்லியை ஃப்ரீமேன்டிலிலிருந்து தெற்கே பன்பரி பக்கம் சாலைப் பணிக்கு அனுப்பினார்கள். முகாமின் வார்டர் பெயர் உட்மன். ஓரெய்லிக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் கணக்கு எழுதும் வேலையும், வாராவாரம் பன்பரிக்கு அறிக்கை எடுத்துப்போகும் வேலையும் அவர் கைக்கு வந்தன. அப்படித்தான் அவருக்கு வழி பழகியது, ஆட்கள் பழக்கமானார்கள். வார்டரின் மகளுடன் அவருக்குக் காதல் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1868 டிசம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். சக கைதி ஒருவர் கண்டதால் பிழைத்தார். வீரக்கதையாக எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நீங்கள் தாண்டிப் போகாதீர்கள். வயது இருபத்துநான்கு, முன்னே ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுத் தண்டனை பாக்கி. அந்த மனநிலையில் ஒருவன் என்ன ஆவான் என்பதைப் பதினேழு வயதுப் பிள்ளைகளால் புரிந்துகொள்ள முடியும்.

பன்பரி பகுதியின் கத்தோலிக்கப் பாதிரியார் பேட்ரிக் மெக்கேப். முகாம் முகாமாகக் குதிரையில் போய்க் கைதிகளைப் பார்ப்பவர். தன்னந்தனியாகக் காட்டுக்குள் ஓடிவிடத் திட்டமிட்டிருந்த ஓரெய்லியிடம், அது தற்கொலைக்குச் சமம், பொறு, நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். பல வாரம் கழித்து அவர் அனுப்பிய ஆள்தான் ஜேம்ஸ் மகுவயர். டார்டனப் பகுதியில் நிலம் வைத்திருந்த ஐரிஷ் விவசாயி. பிடிபட்டால் நிலமும் குடும்பமும் போய்விடும் என்று தெரிந்தே வந்தவர்.

1869 பிப்ரவரி 18 இரவு முகாமை விட்டு நழுவினார். குதிரையில் ஆற்றங்கரை, அங்கிருந்து துடுப்புப் படகில் கடல். விஜிலன்ட் என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மணல்மேடுகளுக்குள் குடிக்கத் தண்ணீரின்றிக் கிடந்து, கப்பலின் பாய் கண்ணில் பட்டதும் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். குரல் எட்டும் தூரம் வரை வந்த கப்பல், அவர்களைக் கவனிக்காமலே திரும்பிப் போய்விட்டது. பிறகு ஒரு சிறு படகில் ஓரெய்லி தனியாகவே கடலுக்குள் போய்ப் பார்த்தார். அப்போதும் பயனில்லை. தேடுதல் வேட்டை தொடங்கிவிட்ட நேரம் அது. பாதிரியார் மறுபடியும் கப்பல் தேடி, கேஸெல் என்ற இன்னொரு திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் கிஃபோர்டை இணங்க வைத்தார். மார்ச் தொடக்கத்தில் ஓரெய்லி அதில் ஏறினார்.

இனி மூன்றாமவர். அந்தக் கப்பலில் அதிகாரிகளில் ஒருவர் ஹென்றி ஹாதவே. ஆங்கிலேயர் வசமிருந்த ரோட்ரிக்ஸ் தீவில் கப்பல் தண்ணீர் பிடிக்க நின்றபோது, தீவின் ஆளுநரே காவலர்களுடன் ஏறிவந்து தப்பிய கைதியைக் கேட்டார். அன்று இரவு ஹாதவே செய்த காரியம் இது: ஓரெய்லியைக் கப்பலறையின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிறு மாடத்துக்குள் ஒளித்துவைத்தார். பெரிய சாணைக்கல் ஒன்றையும் ஓரெய்லியின் தொப்பியையும் கடலில் வீசினார். தொபுக்கென்று சத்தம் கேட்டதும், ஆள் விழுந்துவிட்டான் என்று கூச்சல். படகை இறக்கித் தேடிய மாலுமிகளுக்கு அகப்பட்டது தொப்பி மட்டுமே. மாலுமிகள் உண்மையாகவே அழுதார்கள், கப்பல் தலைவரும் நம்பிவிட்டார். மறுநாள் ஆளுநர் வந்தபோது கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. கேட்க வந்தவர் கேட்காமலே திரும்பினார்.

அதன்பின் நன்னம்பிக்கை முனை அருகே வேறு கப்பலுக்கு மாறி, லிவர்பூல் வழியாக, 1869 நவம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார். இறங்கியதும் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். பிறகு பாஸ்டனில் பத்திரிகையாசிரியராகப் பெரும் பெயர் பெற்றார். அந்தப் பகுதி எல்லா நூல்களிலும் கிடைக்கும், நான் நீட்டவில்லை.

---

பெர்த் வாசி எழுதுகிறார்:

கடல்வழி ஐயா எழுதியதற்கு மேல் ஊர்க்காரன் என்ற முறையில் சில செய்திகள்.

ஃப்ரீமேன்டில் சிறை 1991 வரை சிறையாகவே இயங்கியது. இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம். உள்ளே போய்ப் பார்க்கலாம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சுவர். கோடையில் நண்பகலில் அதன் அருகே நின்றால் கண் கூசுகிறது. கைதிகளின் பழைய அறைகள் எவ்வளவு குறுகல் என்பதை எழுத்தில் படிப்பது வேறு, உள்ளே நின்று கைகளை விரித்து இரு சுவரையும் தொட முயல்வது வேறு.

ஒன்றை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள் அம்மா. கடல்வழி ஐயா ‘தண்ணீர் இல்லாத புதர்க்காடு’ என்றார். வந்தவர்களுக்கு அப்படித்தான். ஆனால் அது நூங்கர் என்ற பழங்குடி மக்களின் நாடு. எந்த மணல்மேட்டுக்குப் பின்னால் நன்னீர் ஊறும், எந்தக் கிழங்கு எப்போது விளையும் என்பது அவர்களுக்கு அத்துபடி. தப்பி ஓடிய கைதிகளின் தடம் பார்க்கப் போலீஸ் நம்பியதும் அவர்கள் கண்களைத்தான். அதே காலத்தில் ஃப்ரீமேன்டில் கடற்கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வெள்ளையர் ராட்நெஸ்ட் என்றும் நூங்கர் வஜமப் என்றும் அழைக்கும் தீவில், 1838 முதல் பழங்குடி ஆண்களையும் சிறுவர்களையும் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே இறந்து, பெயர்ப்பலகை இல்லாத குழிகளில் கிடக்கிறார்கள். ஐரிஷ் கைதிக்காக வருந்துகிற நாம், அவன் வெட்டிய சாலை யாருடைய நிலத்தைப் பிளந்துகொண்டு போனது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றதன் வலி குறைந்துவிடாது.

பன்பரிக்கு வடக்கே, லெஷனால்ட் தீபகற்பத்தில் ஓரெய்லி காத்துக்கிடந்த கடற்கரைப் பகுதியில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

---

வரலாற்று வாசகி எழுதுகிறார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ராட்நெஸ்ட் தீவு விவரம் என் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டது. அதற்குத் தனி வகுப்பு ஒதுக்கப்போகிறேன்.

கடல்வழி ஐயாவிடம் இரண்டு கேள்விகள். கேஸெல் கப்பலில் இன்னொரு கைதியும் ஏறியதாக ஓரிடத்தில் படித்தேன், அவர் யார்? அடுத்து, ஃபீனியன்களுக்கு 1869இலேயே பொதுமன்னிப்பு வந்துவிட்டது என்கிறார்களே, பிறகு ஏன் 1876இல் கேட்டல்பா என்ற கப்பல் போய்ச் சிலரை மீட்க வேண்டி வந்தது?

---

கடல்வழி எழுதுகிறார்:

அவர் பெயர் போமன். அரசியல் கைதி இல்லை, சாதாரணக் குற்றவாளி. ஏற்பாட்டை எப்படியோ மோப்பம் பிடித்து, தன்னையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டி ஏறிக்கொண்டவர். ரோட்ரிக்ஸில் ஆளுநரின் ஆட்கள் போமனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வாயைத் திறந்தால் அடுத்தது ஓரெய்லி என்பதால்தான் ஹாதவே அன்றிரவே அவசரப்பட்டார். எல்லாரும் போமனை வில்லனாக எழுதுகிறார்கள். அவர் செய்தது மிரட்டல்தான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவருக்காக ஏற்பாடு செய்ய எந்தப் பாதிரியாரும் இல்லை, எந்த மகுவயரும் குதிரை கொண்டுவரவில்லை. தப்பிக்க அவர் கையில் இருந்த ஒரே வழி அதுதான்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் பகுதி இது.

1867 அக்டோபரில் ஓரெய்லியையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் போர்ட்லேண்டிலிருந்து புறப்பட்ட ஹூகுமோன்ட், ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச்சென்ற கடைசிக் கப்பல். சுமார் 280 கைதிகளில் 62 பேர் ஃபீனியன்கள். கப்பலிலேயே அவர்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினார்கள். பெயர் ‘காட்டு வாத்து’. ஏழு இதழ்கள். தலைப்பு எழுத்துகளை டெனிஸ் கேஷ்மன் என்ற கைதி பூவேலைப்பாட்டுடன் வரைந்தார். ஒரே ஒரு பிரதிதான் என்பதால் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கவிதை உண்டு, கதை உண்டு. சிட்னி நூலகத்தில் அந்த ஏடுகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அந்த 62 பேரில் 45 பேர் குடிமக்கள், 17 பேர் ராணுவத்தினர். 1869இலும் 1871இலும் மன்னிப்பு வந்தபோது குடிமக்களுக்குக் கதவு திறந்தது. கேஷ்மன் விடுதலையாகிப் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ராணுவத்தினருக்கு மட்டும் இல்லை. அரசிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுத் துரோகம் செய்தவர்கள், இவர்களை விட்டால் படையின் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று ராணுவத் தலைமை பிடிவாதமாக மறுத்தது. ஒரே இயக்கம், ஒரே கப்பல். தோழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு, சீருடை அணிந்திருந்த குற்றத்துக்காக இவர்கள் கல் உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரெய்லி தப்பாமல் இருந்திருந்தால் அவரும் அந்த வரிசையில்தான் நின்றிருப்பார்.

1874இல் அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வில்சன், நியூயார்க்கில் இருந்த ஜான் டிவோய்க்குக் கடிதம் எழுதினார். கல்லறைக்குள்ளிருந்து வரும் குரல் இது என்று அதில் எழுதியிருந்தார். டிவோய்தான் ராணுவத்துக்குள் ஃபீனியன் வேலைகளைப் பார்த்தவர். வில்சன் போன்றவர்கள் இயக்கத்துக்குள் வந்ததில் அவருக்குப் பொறுப்பு இருந்தது. அமெரிக்காவில் இருந்த ஐரிஷ் மக்களின் கிளான் நா கேல் அமைப்பு பணம் திரட்டியது. எப்படி மீட்பது என்ற கேள்வி வந்தபோது, ஓரெய்லி சொன்ன யோசனை திமிங்கில வேட்டைக் கப்பல். அந்தக் கடலில் அப்படிப்பட்ட கப்பல் திரிவது வழக்கம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். கையோடு ஓர் அறிமுகக் கடிதமும் கொடுத்தார். யாருக்கு? ஹாதவேக்கு. சாணைக்கல்லைக் கடலில் போட்ட அதே ஹாதவே, அப்போது நியூ பெட்ஃபோர்டு நகரில் இரவுக் காவல்படையின் தலைவர். அவர் வழியாகக் கப்பல் முகவர் ரிச்சர்ட்சன், அவர் வழியாக அவர் மருமகன் ஜார்ஜ் அந்தோனி. அந்தோனி ஐரிஷ்காரரும் இல்லை, கத்தோலிக்கரும் இல்லை. வீட்டில் இளம் மனைவியும் கைக்குழந்தையும். ஆனாலும் 1875 ஏப்ரலில் கேட்டல்பாவை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குள் ஜான் பிரெஸ்லின் என்பவர் பணக்கார வியாபாரி வேடத்தில் ஃப்ரீமேன்டிலுக்குப் போய், அதிகாரிகளுடனேயே பழகி, சிறையையும் சுற்றிப் பார்த்துவிட்டார். 1876 ஏப்ரல் 17, ஈஸ்டர் திங்கள். சிறைக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் நழுவி, காத்திருந்த குதிரை வண்டிகளில் ஏறி ராக்கிங்ஹாம் கடற்கரைக்கு விரைந்தார்கள். வில்சன், டாரா, ஹோகன், ஹாரிங்டன், ஹாசெட், கிரான்ஸ்டன். திறந்த படகில் ஓர் இரவு முழுக்கப் புயலில் மாட்டி, மறுநாள்தான் கப்பலைப் பிடித்தார்கள். ஜார்ஜெட் என்ற நீராவிக் கப்பல் பீரங்கியுடன் துரத்திவந்து குறுக்கே சுட்டது. அந்தோனி பாய்மரத்தின் மேல் பறந்த அமெரிக்கக் கொடியைச் சுட்டிக்காட்டி, இனி சுட்டால் அமெரிக்காவைச் சுட்டதாகும் என்றார். ஆகஸ்ட் 19 அன்று ஆறு பேரும் நியூயார்க்கில் இறங்கினார்கள்.

ஏழாவதாக ஒருவரும் அங்கே இருந்தார், ஜேம்ஸ் கீலி. முன்பு காட்டிக்கொடுத்தவர் என்ற சந்தேகத்தால், தோழர்களே அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள்.

---

பெர்த் வாசி எழுதுகிறார்:

ராக்கிங்ஹாமில் படகு புறப்பட்ட இடத்துக்கு அருகே இப்போது ஆறு காட்டு வாத்துகள் சிறகு விரிக்கும் சிற்பம் நிற்கிறது. அந்த ஆறு பேருக்காக.

---

நூலகத்து மூலை எழுதுகிறார்:

இத்தனையும் படித்தபின் வரலாற்று வாசகி அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓரெய்லியைச் சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் அவரை ஐரிஷ் கைதிகளின் மாதிரியாகக் காட்டாதீர்கள். அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேராகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். முதல் கப்பல் 1791இல் கார்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆடு மாடு திருடியவர்கள், துணி திருடியவர்கள். அவர்களுக்காக அமெரிக்காவில் எவரும் பணம் திரட்டவில்லை.

டிப்பரரியைச் சேர்ந்த ஜான் கெல்லியைப் பாருங்கள். இரண்டு பன்றிகளைத் திருடியதற்கு ஏழு ஆண்டு. 1842 ஜனவரியில் டாஸ்மேனியாவில் இறக்கினார்கள். அன்று அதன் பெயர் வான் டீமன்ஸ் லேண்ட். தப்பவில்லை, தண்டனையைக் கழித்தார். 1848இல் விடுதலையாகி விக்டோரியா பக்கம் போய், எல்லன் க்வின் என்ற பெண்ணை மணந்து, பிள்ளை குட்டிகளோடு நிலத்தில் மல்லுக்கட்டினார். வறட்சியும் கடனும் விரட்டின. திருட்டுக் கன்றின் தோலை வைத்திருந்ததாக மறுபடியும் தண்டனை. உடல் நலம் குன்றி, குடியில் விழுந்து, 1866 டிசம்பரில் அவெனெல் என்ற சிற்றூரில் இறந்தார். அவர் மூத்த மகன்தான் 1880இல் மெல்போர்னில் தூக்கிலிடப்பட்ட நெட் கெல்லி. மகனைத் தெரியாத ஆஸ்திரேலியர் இல்லை. தகப்பன் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள்.

பெண்களையும் மறக்க வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத்தான் பெண் கைதிகள் போகவில்லை. கிழக்கே சிட்னிக்கும் ஹோபார்ட்டுக்கும் இங்கிலாந்து, அயர்லாந்து எல்லாம் சேர்த்து 25,000 பேர் அளவில் போனார்கள். டப்ளினில் கிரேஞ்ச்கார்மன் என்ற இடத்தில் ஐரிஷ் பெண்களைச் சேர்த்துவைத்துத் தையல், சலவை பழக்கிக் கப்பலேற்றினார்கள். உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் அந்த இடம் நிரம்பி வழிந்தது. ஹோபார்ட்டில் மலையடிவாரத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஈரப் பள்ளத்தில் கஸ்கேட்ஸ் பெண்கள் சிறை. அங்கே தண்டனை வகுப்பில் இருந்த பெண்ணின் உடையில் முதுகிலும் கையிலும் பாவாடையிலும் மஞ்சள் நிறத்தில் ஓர் எழுத்து தைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தின் ‘C’ எழுத்து. நாள் முழுக்க ஊரார் துணியைத் தொட்டியில் வெளுக்க வேண்டும். கைக்குழந்தையைச் சில மாதங்களில் தாயிடமிருந்து பிரித்துக் குழந்தைகள் கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அந்தச் சாவுகளை விசாரிக்க ஹோபார்ட்டில் விசாரணையே வைக்க வேண்டி வந்தது.

---

வரலாற்று வாசகி எழுதுகிறார்:

நூலகத்து மூலை அவர்களே, ஏற்றுக்கொண்டேன். நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறேன். முதலில் கஸ்கேட்ஸ், அடுத்து ஜான் கெல்லி, மூன்றாவதாக ராட்நெஸ்ட், கடைசியாக ஓரெய்லி. அவர் கதையை மெக்கேப் பாதிரியார் குதிரையில் வரும் இடத்திலிருந்து தொடங்கப்போகிறேன். கிரேஞ்ச்கார்மன் பற்றிப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற அளவில் எழுதப்பட்ட கட்டுரை எதுவும் தமிழில் உண்டா? இல்லையென்றால் நானே எழுதிவிடுகிறேன். கடல்வழி ஐயாவும் நீங்களும் வரைவைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.